மரத்துக்குப் போன பெயர்

மேகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படி வரைக்கும் நுழைந்துவிடுகிற ஈரமுடி எஸ்டேட்டில், மூன்றாம் லைனில், நாலாம் நம்பர் வீட்டில், பேச்சிக்கனி என்று ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்றால் இன்றைக்கு நேற்றைக்கு இல்லை, இருபத்தாறு வருஷமாக இருந்தாள். அந்த வீட்டுக்குத்தான் கல்யாணமாகி வந்தாள், அந்த வீட்டிலிருந்துதான் புருஷனைக் காட்டெருமைக்குக் கொடுத்தாள், அந்த வீட்டில்தான் ஒரே மகளைப் பெற்று வளர்த்துத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினாள், அந்த வீட்டிலிருந்துதான் தினமும் காலை ஏழரைக்கு மஸ்டர் என்கிற வருகைக் கணக்குக்குப் போய், ரைட்டர் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன் ரைட்டரய்யா" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். எஸ்டேட்டின் சட்டம் சின்னக் குழந்தைக்கும் புரியும். மஸ்டரில் பெயர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு. பெயர் இல்லாதவர்களுக்கு மழை மட்டும் உண்டு.

லைனுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில், சரிவு அதிகம் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் வெட்டாமல் விட்ட ஒரு துண்டுச் சோலை இருந்தது. அதில் இருவாச்சி உண்டு, சிங்கவால் குரங்கு உண்டு, ஆள் வாடைக்காகக் காத்துக் கிடக்கும் அட்டை லட்சோபலட்சம் உண்டு, நட்டநடுவில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மரமும் உண்டு. அது விறகுக்கு ஆகாது, எத்தனை வெயிலில் போட்டாலும் ஈரம் விடாது; அதன் பழம் குரங்குக்கே கசக்கும்; பட்டை ஒரு வியாதிக்கும் கேட்காது; பலகை அறுக்கப் போனால் வாள்தான் மழுங்கும். ஒன்றுக்கும் உதவாததால் யாரும் அதை ஒன்றும் செய்யவில்லை. அது வானம் வரைக்கும் வளர்ந்து நின்றது. லைன் ஜனங்கள் அதைச் சும்மா மரம் என்றார்கள்.

இந்தச் சும்மா மரத்தைத் தேடித்தான் தமயந்தி என்ற தாவர ஆராய்ச்சிக்காரி சமவெளியிலிருந்து வந்தாள். முதுகில் பழைய செய்தித்தாள் கட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி, முழங்கால் வரை அட்டைக்கடி. இந்த மரம் எந்தத் தேசத்துப் புத்தகத்திலும் இல்லை, இதற்கொரு முறையான பெயர் வைத்தாக வேண்டும், அப்படி வைப்பதற்கு இதன் பூ வேண்டும் என்று இரண்டு வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே அலைந்தாள். மூன்றாம் வருஷம் ஆனி மாசத்து அடைமழையில் சுள்ளி பொறுக்கப் போன பேச்சிக்கனிதான் அவள் தோளைத் தட்டினாள்.

"டீச்சர், மேலேயே பாத்துக்கிட்டு இருந்தா எப்புடி? அது கால்லல்லா பூக்கும்."

அடிமரத்தில், பாசியை விலக்கினால், பொரி அளவுக்கு வெள்ளைப் பூ நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை அடித்தது. தமயந்தி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு பூவையும் இலையையும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, இரண்டு பலகைக்கு இடையே இறுக்கிக் கட்டினாள். அதைக் காயவைத்து, காகித அட்டையில் ஒட்டித் தாவரக் காப்பகத்தில் வைத்து, இன்ன மரம் இப்படி இருக்கும் என்று எழுதி அச்சில் கொண்டுவந்தால் பெயர் செல்லும் என்றும், அதற்குப் பிறகு ஆயிரம் வருஷமானாலும் அந்தப் பெயர்தான் என்றும் விளக்கினாள்.

"ஒங்க பேர வச்சிருங்க டீச்சர். நீங்கதான நாயா அலஞ்சீங்க?"

"அவங்கவங்க பேர அவங்கவங்களே வச்சுக்கறது மரியாதை இல்லக்கா. உங்க பேரத்தான் வைக்கப் போறேன்."

"ஐயய்ய, எம் பேரா? நல்ல பேரா ஏதாச்சும் வைங்க டீச்சர்."

ஆனால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது என்னவோ உண்மை. அதுவரை அவள் பெயர் ரேஷன் கார்டுக்கும் மஸ்டருக்கும் அப்பால் எங்கும் போனதில்லை.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் தாண்டிய ஏதோ ஒரு ஊரில் தமயந்தி அந்தப் பெயரை எழுதியனுப்பிய பத்திரிகை அச்சாகி வெளிவந்தது. அதே செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ரைட்டர் ஞானசிகாமணி மஸ்டரில் "பேச்சிக்கனி" என்று கூப்பிட்டார். வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் அவள் பக்கம் திரும்பாமல் சோலைப் பக்கம் திரும்பினார்கள். சோலைக்குள்ளிருந்து, பெரிய ஈரக்கட்டை ஒன்று சோம்பல் முறிப்பதுபோலப் பதில் வந்தது. ரைட்டர் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"ரைட்டரய்யா, நான் இங்க நிக்கேன்."

ரைட்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "ஒன்னத் தெரியாமலா இருக்கு? இருவத்தாறு வருசமாப் பாக்கேன். நீ இங்கதான் நிக்க. ஆனா ஒம் பேரு அங்கல்லா நிக்குது."

"அது மரம்யா."

"மரமோ மட்டையோ, கூப்புட்டேன், பதில் வந்துச்சு, டிக் போட்டேன். ஒங்கிட்ட வேற பேரு இருந்தாச் சொல்லு, அதையும் கூப்புடுதேன்."

அவளிடம் வேறு பெயர் இல்லை. அன்றிலிருந்து பேச்சிக்கனி என்று யார் சொன்னாலும் அது மரத்தையே போய்ச் சேர்ந்தது. ஆகவே இந்தக் கதையிலும் இனி அவளை அவள் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

ஈரமுடி ஜனங்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. பிள்ளைக் காப்பகத்துத் தொட்டிலில் சிறுத்தைக்குட்டி தூங்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு வருஷம் மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் மட்டும் பெய்தபோது குடையைப் பக்கவாட்டில் பிடித்துப் பழகிக்கொண்டவர்கள். அவளுடைய ரேஷன் கார்டில் பெயர் இருந்த இடம் சோற்றுப் பருக்கை மாதிரி வெளுத்துக் கிடந்தது. வங்கிப் புத்தகத்திலும் அப்படியே, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே, கல்யாணத்தன்று புருஷன் ஆசையாகப் பொறித்துக் கொடுத்த எவர்சில்வர் குடத்திலும் அப்படியே. பக்கத்து வீட்டு ரோசம்மாள், அவளுக்கு மதினி முறை, வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்ததும் கழுத்து தானாகச் சோலைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"ஏட்டி, நாக்கு எங்கூட இருக்கு, தல அங்க போவுது. நான் என்ன செய்யட்டும்?"

வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று தாலுகா ஆபீசுக்குப் போனாள். பெயர் மாற்ற வேண்டுமானால் பழைய பெயருக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அங்கிருந்த கிளார்க். பழைய பெயருக்குச் சொந்தக்காரர் நூற்றிருபது அடி உயரம், வேரோடு இருக்கிறார் என்று அவள் சொன்னாள். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்க வழியிருக்கிறது என்றார் கிளார்க்.

மரமோ மஸ்டரில் நல்ல பெயர் எடுத்தது. ஒரு நாள்கூட லீவு போடவில்லை, தலைவலி காய்ச்சல் என்று சொல்லவில்லை, கொழுந்து எடைபோடும் இடத்தில் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போடவில்லை. கொழுந்தும் எடுக்கவில்லைதான், ஆனால் மேலிடத்துக்குப் போகிற தாளில் வருகைக்குத்தான் கட்டம் இருந்தது. சுதந்திர தினத்தன்று மேனேஜர் துரையே அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு சோலைக்குள் போய், ஆண்டின் சிறந்த தொழிலாளி என்ற பட்டையை மரத்துக்குக் குறுக்கே கட்டிப் படம் எடுத்துக்கொண்டார். யூனியன் தலைவர் தோழர் சிங்கத்துரை சும்மா இருப்பாரா? மரத்தை மழையில் நிற்கவைத்து வேலை வாங்கும் நிர்வாகத்தைக் கண்டித்து வாயிற்கூட்டம் போட்டார். அதன் பலனாக, வருஷாவருஷம் தொழிலாளிக்குக் கொடுக்கிற கம்பளி அந்த வருஷம் மரத்துக்குக் கொடுக்கப்பட்டு, தாழ்ந்த கிளையில் தொங்கவிடப்பட்டது.

"தோழரே, எனக்குக் கம்பளி?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க உறுப்பினரா இருந்தா நாளைக்கே போராட்டம் அறிவிப்பேன். உறுப்பினரு அங்க நிக்கிறாங்க."

அன்று பிற்பகல் கொட்டுகிற மழையில் அவள் சோலைக்குப் போனாள். மரத்தின் அடியில் நின்று, பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தாள். தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். மரம் பதில் சொன்னது. பதிலில் அகம்பாவம் ஒன்றும் இல்லை. வேண்டாத விருந்துக்கு வந்து வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரிதான் இருந்தது.

"நீ கேக்கல, தெரியும்," என்றாள் அவள். "நானும்தான் கேக்கல."

கிளை கொஞ்சம் தாழ்ந்தது, கம்பளி நழுவி அவள் தலைமேல் விழுந்தது. அவள் அதைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. இந்த வீடு பேச்சிக்கனி என்ற தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்டது, மேற்படியார் சோலையில் வசிப்பதாகத் தெரியவருவதால், வீட்டில் அனுமதியில்லாமல் தங்கியிருக்கும் நபர் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும், தவறினால் பூட்டப்படும்.

திருப்பூரிலிருந்து மகள் போனில் "அம்மா" என்றபோது அது மட்டும் வழிதவறாமல் அவளிடமே வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றாள். ஆனால் அம்மா என்ற பெயருக்கு எஸ்டேட்டில் வீடு ஒதுக்குவதில்லை.

தமயந்தி செய்தி கேட்டு ஓடிவந்து, தலையணைத் தடிமனுக்கு இருந்த பெயர்விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"பேரு ஆளை விட்டுப் போனா என்ன செய்யணும்னு இதுல இல்லக்கா. முன்னெல்லாம் பெரும்பாலும் செத்துப்போனவங்க பேரா வப்பாங்க, அதனால யாரும் புகார் பண்ணல போல."

எஸ்டேட்டின் மேல்டிவிஷனில் துரைமார் கல்லறையில் சில கல்லில் எழுத்தே இல்லாமல் வழவழவென்று இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மழை அரித்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நீங்க வச்சதுதான டீச்சர், நீங்களே அழிச்சிருங்களேன்."

"வச்சவளே நெனச்சாலும் அழிக்க முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. இதே மரத்துக்கு எனக்கு முன்னாடியே யாராவது பேர் வச்சு, அச்சடிச்சு, மாதிரியும் ஒட்டி வச்சிருந்தாங்கன்னா, பழசுதான் நிக்கும். என்னோடது உதிர்ந்துரும்."

"அப்படி யாராச்சும் வச்சிருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா," என்று தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் அப்போது அப்படி நினைத்தது நியாயம்தான். மலைக்குக் கீழே இருக்கிற மேட்டுச்சந்திப் பேரூராட்சித் தலைவரை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

தலைவர் தங்கப்பழம் அந்த மலையில் தன் பெயர் படாத பொருளைக் கண்டால் சோறு இறங்காதவர். பஸ் நிழற்குடையில் அவர் பெயர், தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயர், பொதுக் கழிப்பிடத்தில் ஆண்கள் பக்கம் ஒன்றும் பெண்கள் பக்கம் ஒன்றுமாக இரண்டு தடவை அவர் பெயர், சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்தபடி பார்த்தால் தெரிகிற மாதிரிக் கூரையின் உள்பக்கம் அவர் பெயர். தேயிலை பறிக்கிற ஒருத்தி பெயரில் உலகம் உள்ளவரை ஒரு மரம் என்று பேப்பரில் படித்த அன்றே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஈரமுடிக்கு ஏறினார்.

"உலகம் உள்ளவரைன்னா எவ்வளவு நாள்?" என்று தமயந்தியைக் கேட்டார்.

"உள்ளவரைக்கும் சார்."

"தொட்டியெல்லாம் முப்பது வருசம்தான் தாங்கும்னு இன்ஜினியர் சொல்றான்," என்று தலைவர் வருத்தப்பட்டார். பிறகு தமயந்தி அவளுக்குச் சொன்ன அதே விதியைத் தலைவருக்கும் சொன்னாள். தலைவரின் முகம் மலர்ந்தது. "முன்னாடி வச்சிருந்தாப் போதுமா? இவ்வளவுதானா? முன்தேதி போடறது எங்க ஆபீசுல தினப்படி வேலைம்மா!"

அது உண்மை. மேட்டுச்சந்தியில் முதலில் பாலம் இடியும், பிறகு பாலத்துக்கு டெண்டர் விடுவார்கள், அதற்குப் பிறகு பாலம் கட்டத் தீர்மானம் நிறைவேறும். தேதி மட்டும் தலைகீழாக இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். பத்தே நாளில் தலைவரின் ஐம்பதாவது பிறந்தநாள் மலர் ஒன்று தயாரானது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய முத்திரை, நாற்பத்தெட்டு வாழ்த்துக் கவிதைகளுக்கு நடுவில் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் சுத்தமான லத்தீனில் எழுதிய மர வர்ணனை, கடைசியில் தங்கப்பழத்தின் பெயர். கூடவே அட்டையில் ஒட்டிய கிளை ஒன்று. பன்னிரண்டு வருஷத்துக் கிளையில் இலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

அந்தக் கிளையை ஒடிக்கத் தலைவரின் ஆட்கள் சோலைக்கு வந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததும் முதலில் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, வேண்டாம்யா. அந்த மரத்துக்குப் போன பேரு ஆள்கிட்ட நிக்காது. எனக்குப் போயிருச்சு, ஒங்களுக்கும் போயிரும்."

தலைவர் ஜன்னல் வழியாக அன்பாகச் சிரித்தார். "ஒனக்கு இருந்ததே ஒரு பேரும்மா, அதான் போயிருச்சு. எனக்கு எத்தனை எடத்துல இருக்கு தெரியுமா? ஒரு மரம் எவ்வளவுதான் எடுத்துக்கும்?"

இரண்டாம் தடவை அதையே மனுவாக எழுதிப் பேரூராட்சியில் கொடுத்தாள். மனுவைப் பெற்றுக்கொண்டவர்கள் பழக்கதோஷத்தில் முன்தேதி போட்டு, நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டைப் பூட்டுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மரத்துக்கு எந்தப் பெயர் முந்தியது என்று விசாரணை வந்தது. தாவரக் காப்பகத்திலிருந்து ஒரு பெரியவர், ஐம்பது வருஷம் காய்ந்த இலைகளையே பார்த்துப் பார்த்துத் தானும் காய்ந்துபோனவர், சமுதாயக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். மலரை முகர்ந்தார், மை வாசனை வந்தது. கிளையைத் தொட்டார், விரலில் பால் ஒட்டியது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்தரைக் கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

"தேதி சரியா இருக்கு, முத்திரை சரியா இருக்கு," என்று பெருமூச்சு விட்டார். "இருந்தாலும் ஊர்ச் சாட்சி ஒண்ணு வேணும். இந்த மரத்தைப் பத்தி இங்க நல்லாத் தெரிஞ்சது யாரு?"

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. பெயர் சொல்ல முடியாததால் எல்லோரும் விரலை நீட்டினார்கள். அவள் எழுந்து நின்றாள். ஒரு பக்கம் தமயந்தி உட்கார்ந்திருந்தாள், மூன்று வருஷ உழைப்பு மடியில் இருந்தது. இன்னொரு பக்கம் தலைவர், சால்வை போட்டுக்கொள்ளத் தோதாகக் கழுத்தை முன்னால் நீட்டியபடி. இது பொய் மலர் என்று சொன்னால் டீச்சர் வைத்த பெயர்தான் நிற்கும். அப்படி நின்றால் அவள் பெயர் உலகம் உள்ளவரை மரத்தோடு இருக்கும், நாளை மறுநாள் நாலாம் நம்பரில் பூட்டுத் தொங்கும். இது நிஜ மலர் என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் கொழுந்துச் சாக்கில் கல் வைக்காதவள்.

அவள் மூன்றாம் தடவையாகத் தலைவரைப் பார்த்து, "ஐயா, இப்பவாச்சும் கேளுங்க. போனா வராதுய்யா," என்றாள்.

"சாட்சி சொல்லும்மா, நேரமாகுது," என்றார் தலைவர்.

காப்பகத்துப் பெரியவர் கேட்டார். "ஒங்க பேருக்கு முன்னாடியே இவரு பேரு இந்த மரத்துக்கு இருந்துதாம்மா?"

"ஐயா, எனக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றாள் அவள். "நான் கல்யாணமாகி வந்து எறங்குன பஸ் ஸ்டாப்புல எனக்கு முன்னாடி இவரு பேரு இருந்துச்சு. எம் மகளப் பெத்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல எனக்கு முன்னாடி இவரு பேரு இருந்துச்சு. எம் புருசன எரிச்ச கொட்டகையில இருந்துச்சு. நீங்க உக்காந்திருக்க பெஞ்சுல இருக்கு, நீங்க தண்ணி குடிச்ச டம்ளர்லயும் இருக்கு, வேணும்னாத் திருப்பிப் பாருங்க. இந்த மலையில நான் கையை வச்ச எதுலயும் எனக்கு முன்னாடி இவரு பேரு இல்லாம இருந்ததில்லய்யா. இந்த ஒரு மரத்துல இல்லாமப் போயிருக்குமான்னு நீங்களே சொல்லுங்க."

கூடம் அதிரக் கை தட்டினார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது; தன்னைப் பற்றி இவ்வளவு நிறைவாக நாற்பத்தெட்டுக் கவிஞர்களில் ஒருத்தனும் எழுதவில்லை என்றார். பெரியவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார், பிறகு அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சி உண்டு என்று எழுதினார். தமயந்தி தன் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் கையை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள்.

தலைவர் காப்பகத்துப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் பேனாவை மூடுவதற்குள் கையெழுத்து வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக மெல்ல வெளுத்தது. சால்வை போட வந்தவர் மைக்கைப் பிடித்து, "மாண்புமிகு மக்கள் தலைவர் அண்ணன்" என்று தொடங்கி, கழுத்தைத் திருப்பி ஈரமுடிச் சோலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை மஸ்டரில் அவள் கடைசி வரிசையில் நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டதில் ரைட்டர் கூப்பிட்டது முதல் தடவை காதில் விழவில்லை. இரண்டாம் தடவையும் நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் தடவை ரைட்டர் ஞானசிகாமணி தாளை மேசையில் அடித்தார்.

"பேச்சிக்கனி! ஏ பேச்சிக்கனி! காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? போன மாசம் பூரா ஒரு பேச்சுக்கு ஒரு பதில் வந்துச்சு. இன்னைக்கு மூணு தடவ தொண்டையக் கிழிக்க வேண்டியிருக்கு. பேச்சிக்கனின்னா ஒரு ஒழுங்கு இருந்துச்சு, இப்ப என்ன கேடு வந்துச்சு பேச்சிக்கனிக்கு?"

நாற்பது தலைகளும் அவளைப் பார்த்துத் திரும்பின.

"இருக்கேன் ரைட்டரய்யா," என்றாள் பேச்சிக்கனி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்கய்யா."

கீழே மேட்டுச்சந்தியும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பேனர்களில் தலைவர் இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார், கீழே வெள்ளையாக இருந்தது. தொட்டி, நிழற்குடை, டம்ளர் எல்லாம் துடைத்த மாதிரி ஆயின. அதிகம் கஷ்டப்பட்டது எதிர்க்கட்சிதான். சுவரில் ஒழிக என்று மட்டும் எழுத முடிந்தது, யார் என்று எழுத முடியவில்லை. பேரூராட்சிக் கூட்டங்களைத் தலைவர் பெயர் இருக்கிற இடத்தில் நடத்துவதுதான் முறை என்று சட்ட ஆலோசகர் சொன்னதால், நாற்காலிகளைச் சோலைக்குத் தூக்கிப்போனார்கள். அட்டைக்கடி காரணமாகக் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது, வெளிநடப்பு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. மனு கொடுக்க வந்தவர்கள் மரத்தின் கிளையில் மனுவைக் குத்திவிட்டுப் போனார்கள். மரம் எதையும் படிக்கவில்லை, யாரையும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. இது எவ்வளவோ பரவாயில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். தமயந்தி பெயரில்லாத இன்னும் மூன்று மரங்களைக் கண்டுபிடித்ததும், கண்டக்டர் பெயரை வை, ரேஞ்சர் பெயரை வை, தோழர் சிங்கத்துரை பெயரை வை என்று லைனில் அவள் பின்னால் பெரிய கூட்டம் அலைந்தது. அவள் மூன்றுக்கும் மலைகளின் பெயராக வைத்துவிட்டாள். மலைகள் புகார் சொல்லவில்லை.

தலைவர் மட்டும் பேரூராட்சி வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தெரியுங்க, நீங்கதான்," என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெயரைத் திரும்ப வாங்க வழியில்லையா என்று காப்பகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். பதில் ஒரே வரியில் வந்தது. அந்த மலர் முன்தேதி போட்டது என்று அவரே எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே பெயர் திரும்பும்.

இந்தச் சேதி மலையேறி வந்து சேர்ந்த அன்று ரோசம்மாள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டாள். சாக்கு தோளிலிருந்து நழுவியது.

"ஏட்டி பேச்சி! அப்படின்னா அந்த மனுசன் என்னைக்காவது ஒரு நா வாயத் தொறந்து உண்மையச் சொல்லிட்டா, ஒம் பேரு மறுபடியும் மரத்துக்குல்லா போயிரும்? வீடும் போயிரும்! ஒனக்குக் குலை நடுங்கல?"

பேச்சிக்கனி கையில் இருந்த கொழுந்தைச் சாக்கில் போட்டாள். மேகம் விலகிய இடைவெளியில் கீழே மேட்டுச்சந்தியின் பேரூராட்சிக் கட்டடம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது, அதன் வாசலில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மதினி, வார ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போறீங்கல்லா?"

"ஆமா, ஏன்?"

"எனக்கு நாலு கிலோ சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க. வீட்டுக்கு வெள்ளை அடிச்சிரலாம்னு இருக்கேன். ரெண்டு கோட்டா அடிச்சா பத்து வருசத்துக்குக் கவலை இல்ல."